முரசு (ஈறு) வருத்தம் யாருக்குக் கடுமையா வரும்? கிளினிக்குல நம்ம ஆக்கள் கேக்குற கேள்விகளும் பதில்களும்

நுவரெலியா மாவட்டத்துல ஒரு பல் கிளினிக்குல நம்பர் குடுத்து கார்டு எழுதுற வேலை எனக்கு. டாக்டர்மார் கூடுதலா சிங்களத்துல தான் கதைப்பாங்க, தோட்டத்துல இருந்து வார நம்ம ஆக்களுக்கு அத தமிழ்ல விளங்கப்படுத்துறது என் தலையில தான் வரும், அப்பிடி திரும்பத் திரும்ப காதுல விழுந்த கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே இங்க எழுதியிருக்கேன். நான் டாக்டர் இல்ல. பதில்கள் எல்லாம் டாக்டர்மார்கிட்ட கேட்டும் படிச்சும் தெரிஞ்சுகிட்டது. இத வாசிச்சிட்டு நீங்களா மருந்து எடுக்க வேணாம், இதுல எது உங்களுக்குப் பொருந்துதுன்னு பார்த்து நேரத்தோட கிளினிக்குக்கு வந்தா போதும்.

பல்லு விளக்கையில ரத்தம் வருது. இது எல்லாருக்கும் வாரது தானே?

நெறைய பேருக்கு வருது தான், அதுக்காக அது சரியாகிடாது. பல்லும் முரசும் சேருற ஓரத்துல மெல்லிசா ஒரு படை படியும், அது முழுக்க கிருமி. அத ஒழுங்கா எடுக்காட்டி முரசு செவந்து வீங்கி, தொட்டாலே ரத்தம் கசியும். இதுதான் முதல் கட்டம், முரசு அழற்சி. இந்தக் கட்டத்துல வந்தா முழுசா பழைய நிலைக்கு கொண்டு வந்துரலாம். காலையிலயும் ராவைக்கும் ஒழுங்கா விளக்கி, காரை (அந்தப் படை இறுகிக் கல்லு மாதிரி ஆனது) பிடிச்சிருந்தா கிளினிக்குல எடுத்துட்டா கொஞ்ச நாள்லயே ரத்தம் நிக்கும்.

ரத்தம் வருதேன்னு பயந்து அந்த இடத்துல பிரஸ் படாம விட்டுடுறாங்க நெறைய பேரு. அப்பிடி விட்டா அங்க இன்னும் படை சேர்ந்து ரத்தம் கூடத்தான் செய்யும். மெதுவான பிரஸ் எடுத்து அந்த ஓரத்தையும் விளக்கணும்.

அப்ப "கடுமையான" முரசு வருத்தம்னா என்ன? டாக்டர் குச்சி மாதிரி ஒன்ன வச்சு குத்தி குத்தி நம்பர் சொல்றாரே, அது என்ன?

முரசுக்கு அடியில பல்ல புடிச்சு வச்சிருக்கிறது எலும்பு. முதல் கட்டத்துல முரசு மட்டும் தான் வீங்கும். சில பேருக்கு அதோட நிக்காம கிருமி வேர் பக்கம் எறங்கி, நம்ம உடம்பு அதோட சண்டை புடிக்கிற சண்டையில பல்லச் சுத்தி இருக்கிற எலும்பு கரைஞ்சு போகும். அப்ப பல்லுக்கும் முரசுக்கும் நடுவுல ஒரு பை மாதிரி உண்டாகும். டாக்டர் அந்தக் குச்சியால அளக்கிறது அந்தப் பையோட ஆழத்த தான். 1 முதல் 3 மில்லிமீற்றர் வரைக்கும் நல்ல முரசு. 4 வந்தா கவனிக்கணும். 6, 7ன்னு பல இடத்துல சொன்னா வருத்தம் நல்லா முத்திருச்சுன்னு அர்த்தம்.

இதுல முக்கியமான விசயம், கரைஞ்ச எலும்பு தன்னால திரும்ப வளராது. சிகிச்சை செஞ்சா இருக்கிறத காப்பாத்தி வைக்க ஏலும், அவ்வளவு தான். அடுத்தது, இது கூடுதலா வலிக்காது. பல்லுல ஓட்டை விழுந்தா ராத்திரி தூங்க விடாது, மறுநாளே வருவாங்க. முரசு வருத்தம் சத்தமில்லாம வருசக்கணக்கா நடக்கும், கடைசியில பல்லு ஆடி, சாப்பாடு மெல்ல ஏலாமப் போன பொறகு தான் வாராங்க. எனக்கு மனசு கஷ்டமாகுறது அந்த நேரம் தான்.

யாருக்குத் தான் இது கூடுதலா வருது? எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லியா?

இல்ல, ஒரே மாதிரி இல்ல. உலகத்துக்கே இத விளங்க வச்சதுல நம்ம மலைநாட்டு தேயிலைத் தோட்டத்து ஆக்களுக்குப் பெரிய பங்கு இருக்கு, இது நம்மள்ல நெறைய பேருக்கு தெரியாது. 1970ல ஹெரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு பேராசிரியரும் அவரோட ஆக்களும் இங்க தோட்டத்துல வேலை செஞ்ச 480 ஆம்பளைங்களோட வாய சோதிச்சு பார்த்தாங்க. அவங்களுக்கு பிரஸ் புடிக்கிற பழக்கமும் இல்ல, பல் டாக்டர்கிட்ட போன பழக்கமும் இல்ல. 1985 வரைக்கும் திரும்பத் திரும்ப வந்து அதே ஆக்கள பார்த்தாங்க.

எல்லாரு வாயிலயும் படை இருந்திச்சு, காரை இருந்திச்சு, முரசு வீக்கம் இருந்திச்சு. ஆனா முடிவு மூணு விதமா பிரிஞ்சிச்சு. 100க்கு 8 பேரு மாதிரி ரொம்ப வேகமா கெட்டாங்க, 20 வயசுக்கு கொஞ்சம் மேலயே பல்லு விழ ஆரம்பிச்சு 45 ஆகையில வாயில பல்லே இல்ல. 100க்கு 81 பேருக்கு மெதுமெதுவா கெட்டிச்சு, 45 வயசுல சராசரியா 7 பல்லு போயிருந்திச்சு. மிச்சம் 11 பேருக்கு முரசு வீங்கினதோட சரி, அதுக்கு மேல ஒண்ணும் ஆகல. 1986ல இது வெளிவந்திச்சு, இன்னைக்கும் பல் மருத்துவம் படிக்கிற புள்ளைங்க உலகம் முழுக்க இத படிக்கிறாங்க. 2010ல கூட திரும்ப வந்து, தேடிக் கண்டுபிடிக்க முடிஞ்ச 75 பேர பார்த்தாங்க. ஒண்ணு சொல்லணும், அதுல பொம்பளைங்க ஒருத்தர் கூட இல்ல, கொழுந்து பறிக்கிற நம்ம அம்மாமாரோட வாய யாரும் அப்பிடி 15 வருசம் பின்தொடர்ந்து பார்க்கல.

கிருமி எல்லாருக்கும் பொது, யாரு உடம்பு அதுக்கு எப்பிடி பதில் குடுக்குதுங்கிறது தான் வித்தியாசம். அந்த பதில கெடுக்கிறது எதெல்லாம்னு பார்த்தா முதல்ல சிகரட், பீடி, பொயிலை. அடுத்தது கட்டுப்பாட்டுல இல்லாத சீனி வருத்தம். அப்பறம் குடும்பத்துல வார தன்மை, வயசு, சில குளிசைகள், எதிர்ப்பு சக்தி கொறைஞ்ச உடம்பு. பொதுவா பொம்பளைங்கள விட ஆம்பளைங்களுக்கு கடுமையா வருது. எல்லாத்துக்கும் மேல, பல் டாக்டர்கிட்ட போறதுக்கு வசதி இல்லாத ஆக்களுக்கு. உலக சுகாதார அமைப்பு 2022ல வெளியிட்ட அறிக்கையில கடுமையான முரசு வருத்தம் உலகத்துல 100 கோடி பேருக்கு மேல இருக்குன்னு சொல்லியிருக்கு, அதனால நமக்கு மட்டும் வந்த அவமானம்னு யாரும் ஒளிச்சு வைக்க வேணாம்.

எங்க தாத்தா கடைசி வரைக்கும் கரியும் உப்பும் தான். சாகும் போதும் பல்லு கல்லு மாதிரி இருந்திச்சு. அப்ப பிரஸ், பேஸ்ட் எல்லாம் எதுக்கு?

உங்க தாத்தா மேல சொன்ன அந்த 11 பேருல ஒருத்தரா இருந்திருப்பாரு. நீங்களும் அதுல ஒருத்தரான்னு முன்கூட்டியே சொல்ல வழியில்ல, அது தெரிய வாரப்ப வயசு 40 தாண்டியிருக்கும், பல்லு போனது போனது தான். அதே லயத்துல 40 வயசுல பொக்கை வாயோட இருந்தவங்களையும் நெனச்சுப் பாருங்க, அவங்க கதைய யாரும் பெருமையா சொல்றதில்ல.

கரி, சாம்பல், செங்கல் தூள் இதெல்லாம் பல்லோட மேல் பூச்ச தேய்ச்சு எடுத்துரும், முரசையும் கீறும். மெதுவான பிரஸும் ஃபுளோரைட் இருக்கிற சாதாரண பேஸ்டும் போதும், வெல கூடினது தேவையில்ல.

வெத்தில போட்டா பல்லு இறுகும்னு பெரியாக்கள் சொல்றாங்களே. மலையில குளிருக்கும் பசிக்கும் அது இல்லாம ஏலாது.

குளிருலயும் மழையிலயும் நிக்கிறவங்களுக்கு அது ஒரு துணைன்னு எனக்கு நல்லா விளங்குது, எங்க வீட்லயும் போட்டவங்க தான். ஆனா பல்லு இறுகுறதில்ல. சுண்ணாம்பும் பாக்கும் படிஞ்சு பல்லச் சுத்தி கருப்பா கட்டியா ஒட்டிக்கிது, ஆடுற பல்ல அந்தக் கட்டி பக்கத்துப் பல்லோட சேர்த்துப் புடிக்கிறதால இறுகின மாதிரி தெரியும். அடியில எலும்பு கரைஞ்சுகிட்டே தான் இருக்கும். செவப்பு கறையால முரசுல ரத்தம் வாரதும் கண்ணுக்குப் படாது.

அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அது முரச விட பெருசு. பாக்கு தனியாவே புற்றுநோய உண்டாக்கும், பொயிலை சேர்ந்தா இன்னும் மோசம். இலங்கையில ஆம்பளைங்களுக்கு கூடுதலா வார புற்றுநோய்கள்ல வாய்ப் புற்றுநோய் முன்னுக்கு நிக்கிது. கன்னத்து உள்பக்கம் வெள்ளையாவோ செவப்பாவோ தழும்பு, ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண்ணு, உறைப்பு பட்டா தாங்க ஏலாத எரிவு, வாய் முன்ன மாதிரி தொறக்க ஏலாம இறுகுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் முரசு பிரச்சினைன்னு நெனச்சிட்டு இருக்காம உடனே வந்து காட்டுங்க. ஒரேயடியா விட ஏலாட்டி முதல்ல பொயிலைய விடுங்க, அப்பறம் பாக்க. ராவைக்கு வாயில வெத்திலைய ஒதுக்கி வச்சிட்டு தூங்குற பழக்கம் மட்டும் இன்னைக்கே நிக்கணும்.

நான் சிகரட் குடிக்கிறேன். ஆனா எனக்கு ரத்தமே வாரதில்லியே, அப்ப முரசு நல்லாத் தானே இருக்கு?

இது தான் ஆக ஏமாத்துற விசயம். சிகரட்டுல இருக்கிற நிக்கொட்டின் முரசுல உள்ள சின்ன ரத்தக் குழாய்கள சுருக்கிரும், அதனால உள்ளுக்கு கெட்டுப் போயிருந்தாலும் வெளியில ரத்தம் வராது, வீக்கமும் தெரியாது. சிகரட் குடிக்கிறவங்களுக்கு எலும்பு வேகமா கரையும், சிகிச்சை செஞ்சாலும் மத்தவங்க அளவுக்கு ஆறாது. ரத்தம் வரலன்னு இருந்துட்டு திடீர்னு பல்லு ஆடுதுன்னு வார தம்பிமாரு எங்க கிளினிக்குல நெறைய. சிகரட்ட விட்டா முரசுல கொஞ்ச நாளைக்கு ரத்தம் கூட வரலாம், அதப் பார்த்து பயந்து திரும்ப பத்த வைக்காதீங்க, ரத்த ஓட்டம் பழையபடி திரும்புது.

எனக்கு சீனி இருக்கு. பல்லுக்கும் சீனிக்கும் என்ன சம்பந்தம்?

ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேர்ந்து ஆள கெடுக்கும். சீனி கூடி நின்னா கிருமிய எதிர்க்கிற சக்தி கொறையும், புண்ணு ஆறாது, முரசு வருத்தம் வார வாய்ப்பு சீனி இல்லாதவங்கள விட ரெண்டு மூணு மடங்கு. திருப்பிப் பார்த்தா, முரசுல எப்பவும் அழற்சி இருந்தா உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாது, குளிசை போட்டும் சீனி எறங்காது. முரசுக்கு ஒழுங்கா சிகிச்சை எடுத்தவங்களுக்கு மூணு மாச சீனி டெஸ்ட்டுல 0.3, 0.4 சதவீதம் அளவுல கொறையிறத ஆராய்ச்சிகள்ல பார்த்திருக்காங்க. கேக்க சின்ன நம்பர், ஆனா சீனிக்காரங்களுக்கு அது பெறுமதியானது.

அதனால கடுமையா பாதிக்கப்படுறது யாருன்னு என்ன கேட்டா, கட்டுப்பாட்டுல இல்லாத சீனியோட சிகரட்டோ பொயிலையோ சேர்ந்த ஆளு தான்னு யோசிக்காம சொல்லுவேன். சீனி கிளினிக்குக்கு மாசா மாசம் போற ஆக்கள் கூட பல்லு பக்கம் வாரதில்ல. அந்தக் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கிட்டு வாங்க. வரையில காலைச் சாப்பாட்டையும் குளிசையையும் விடாம எடுத்துட்டு வாங்க, வெறும் வயித்துல வந்து வரிசையில மயங்கி விழுந்தவங்க இருக்காங்க.

நான் மாசமா இருக்கேன், முரசு வீங்கி ரத்தம் வருது. மாமி சொல்றாங்க புள்ள பொறக்குற வரைக்கும் பல்லுல கை வைக்கக் கூடாதுன்னு.

மாமி பயத்துல சொல்றாங்க, ஆனா அது சரியில்ல தங்கச்சி. கர்ப்ப காலத்துல ஹோர்மோன் மாறுறதால கொஞ்சப் படைக்கே முரசு ரொம்ப வீங்கும், சில பேருக்கு பல்லுக்கு நடுவுல செவப்பா ஒரு சதை கூட வளரும், புள்ள பொறந்த பொறகு அது கூடுதலா தன்னால சுருங்கிரும். கிளீன் பண்றது கர்ப்பத்துல பாதுகாப்பு தான், 4ல இருந்து 6 மாசம் வரைக்கும் ஆக வசதியான நேரம். மாசமா இருக்கிறத மட்டும் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க, மருந்த அதுக்கேத்த மாதிரி பார்த்துக் குடுப்பாங்க. கடுமையான முரசு வருத்தம் இருக்கிற தாய்மாருக்கு கொறை மாசத்துல புள்ள பொறக்குறது கூடன்னு கண்டிருக்காங்க, ஆனா முரச கிளீன் பண்ணினா அது கொறையும்னு உறுதியாகல, அதனால அதச் சொல்லி உங்கள நான் பயமுறுத்த மாட்டேன். வாந்தி எடுத்த உடனே மட்டும் பல்லு விளக்க வேணாம், தண்ணியில கொப்புளிச்சிட்டு அரை மணித்தியாலம் போனாப் பொறகு விளக்குங்க.

என் மகனுக்கு 19 வயசு தான். சிகரட்டும் இல்ல, சீனியும் இல்ல. முன் பல்லு ஆடுது, இடைவெளி விழுது. இந்த வயசுல வருமா?

வரும். நெறைய பேருக்கு இல்ல, ஆனா வாரவங்களுக்கு வேகமா வரும். வயசுக்கு வார நேரத்துலயே ஆரம்பிச்சு, 6 வயசுல மொளைக்கிற பெரிய கடவாய்ப் பல்லையும் முன் பல்லையும் தான் முதல்ல பிடிக்கும். வாயப் பார்த்தா பெருசா அழுக்கு, காரை ஒண்ணும் இருக்காது, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. குடும்பத்துல ஓடுற தன்மை இதுல கூட, அவனோட அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிமாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. இப்பிடி வாரவங்கள பேராதனை பல் வைத்தியசாலைக்கு அனுப்புறது வழக்கம், பல் டாக்டர்மார படிப்பிக்கிற பீடம் ஒண்ணு அங்க இருக்கு, முரசுக்குன்னே விசேட டாக்டர்மார் இருக்காங்க. தூரம்னு தள்ளிப் போடாதீங்க, இந்த வயசுல ஒரு வருசம் சுணங்கினா பெரிய நட்டம்.

பிரஷர் குளிசை போடுறேன், முரசு சதை வளர்ந்து பல்ல மூடுது. குளிசைய நிப்பாட்டவா?

வேணாம், நீங்களா நிப்பாட்ட வேணாம். நிஃபெடிபின், அம்லோடிபின் மாதிரி பிரஷர் குளிசையும், வலிப்புக்கு குடுக்கிற ஃபெனிடொயினும், கிட்னி மாத்தினவங்க எடுக்கிற சைக்லோஸ்போரினும் சில பேருக்கு முரச தடிக்க வைக்கும். வாய சுத்தமா வச்சிருந்தா நெறையக் கொறையும். குளிசைய மாத்தணுமான்னு அத எழுதிக் குடுத்த டாக்டர் தான் முடிவு செய்யணும். ஒரு குளிசையும் போடாதவருக்கு முரசு திடீர்னு தடிச்சு ரத்தம் கசிஞ்சு, காய்ச்சலும் சோர்வுமா உடம்புல நீலத் தழும்பும் வந்தா ரத்தம் சோதிச்சே ஆகணும், ரத்தப் புற்றுநோய் அப்பிடியும் வெளிய தெரியலாம்.

ஹார்ட் வால்வு ஒப்பரேசன் செஞ்ச எனக்கு பல்லு கிளீன் பண்ணலாமா?

பண்ணலாம், உங்களுக்கு முரசு சுத்தமா இருக்கிறது மத்தவங்கள விட முக்கியம். வாய்க் கிருமி ரத்தத்துல கலந்து வால்வுல போய் ஒட்டினா உயிருக்கே ஆபத்து. அதனால கிளீன் பண்ண, புடுங்க முன்ன அன்டிபயோடிக் குடுப்பாங்க. கார்டு எழுதுற இடத்துலயே சொல்லிருங்க. ரத்தம் உறையாம இருக்க வாஃபரின், அஸ்பிரின் எடுக்கிறவங்களும் சொல்லணும், அத முதல் நாளே நிப்பாட்டிட்டு வரக்கூடாது.

பாமசில அமொக்சிசிலின் வாங்கிப் போட்டா வீக்கம் வத்துதே. பொறகு எதுக்கு லைன்ல நிக்கணும்?

வீக்கம் வத்தும், திரும்ப வரும். கிருமி காரைக்குள்ள, வேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கு, குளிசை அதுக்குள்ள போய்ச் சேராது. காரைய எடுத்து வேர சுத்தம் செய்யிறது தான் சிகிச்சை, அன்டிபயோடிக் சில பேருக்கு மட்டும் அதோட சேர்த்துக் குடுக்கிறது. அரைகுறையா வாங்கிப் போட்டா நாளைக்கு உண்மையா தேவைப்படையில அது கேக்காமப் போகும். கராம்பு எண்ணெயும் உப்புத் தண்ணியும் கொஞ்ச நேரம் சுகம் குடுக்கும், வருத்தத்த மாத்தாது.

ஒரு நாள் பேரு, அதாவது அன்னைக்கு வேலைக் கணக்கு, போயிரும்னு தான் பாமசிக்குப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். அரசாங்க கிளினிக்குல காசு இல்ல, ஆனா பஸ் காசும் நாள் சம்பளமும் உங்க கையில இருந்து போகுது, அது சின்ன விசயம் இல்ல. அதனால தான் ரத்தம் வாரப்பவே வாங்கன்னு சொல்றேன். அந்தக் கட்டத்துல ஒண்ணு ரெண்டு தடவையில முடியும். முத்தின பொறகு வந்தா பல தடவை வரணும், அதுக்கப்பறமும் மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா காட்டிக்கிட்டே இருக்கணும்.

கிளீன் பண்ணின பொறகு தான் பக்கத்து வீட்டு அக்காவுக்கு பல்லு ஆட ஆரம்பிச்சிச்சு. அதுக்கு எல்லாத்தையும் புடுங்கி செட் போட்டா நல்லது இல்லியா?

அக்காவுக்கு எலும்பு முன்னமே கரைஞ்சிருக்கும், காரை தான் இறுக்கிப் புடிச்சிருந்திருக்கும், வெத்தில கேள்வியில சொன்னது தான் இங்கயும். காரைய எடுத்ததும் வீக்கம் வத்தும், இடைவெளி தெரியும், கொஞ்ச நாளைக்கு கூசும். பொறகு முரசு இறுகும், லேசா ஆடுற பல்லு நிக்கவும் செய்யும்.

புடுங்குறதப் பத்தி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். நம்ம பக்கம் பல்லுன்னா புடுங்குறது தான் வைத்தியம்னு ஆகிப் போச்சு, 35 வயசு தங்கச்சி ஒருத்தங்க வந்து எல்லாத்தையும் எடுத்துருங்கன்னு கேக்குறாங்க. காப்பாத்தவே ஏலாத பல்ல எடுக்கத்தான் வேணும். ஆனா பல்லு போன இடத்துல எலும்பு இன்னும் சுருங்கும், வருசம் போகப் போக செட் நிக்காது, மரக்கறியும் எறச்சியும் மெல்ல ஏலாம சோறும் ரொட்டியும் மட்டும் சாப்பிட்டு சீனியும் கூடும். டாக்டர்கிட்ட "எத்தன பல்ல காப்பாத்த ஏலும்"னு ஒரு கேள்வி கேளுங்க, அத சிங்களத்துல கேட்டுச் சொல்ல என்ன மாதிரி ஒருத்தர் அங்க இருப்பாங்க.

எப்ப விடியிற வரைக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

தாடைக்கு கீழயோ கழுத்துலயோ வீக்கம் எறங்குது, நாக்கு மேல தள்ளுது, எச்சில் விழுங்க ஏலல, மூச்சு வாங்குது, வாய் தொறக்க ஏலல, காய்ச்சலோட நடுக்கம், கண்ணு பக்கம் வீக்கம் ஏறுது. இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரின்னு பார்க்காதீங்க. பல் கிளினிக் தொறக்குற வரைக்கும் நிக்காம கிட்டத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, 1990 என்ற நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் இலவசமா வரும். லயத்துக்கு வார பாதை மோசம்னா மெயின் ரோட்டு வரைக்கும் ஆள கொண்டு வந்துக்கிட்டே அடிங்க. சீனி இருக்கிறவங்களுக்கு இந்த வீக்கம் மணித்தியாலக் கணக்குல கூடும்.

எனக்கு சீனி இல்ல, சிகரட் இல்ல, வெத்தில இல்ல, ரெண்டு நேரமும் விளக்குறேன். அப்பிடியும் 6 மில்லிமீற்றர் பைன்னு சொல்றாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்?

நீங்க ஒரு தப்பும் செஞ்சிருக்கத் தேவையில்ல. மேல சொன்ன ஆராய்ச்சியில ஒரே வேலை, ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி பழக்கத்தோட இருந்தவங்க தான் மூணு விதமா பிரிஞ்சாங்க, அந்த வேகமா கெடுற பக்கம் நீங்க இருக்கலாம். உங்களுக்கு மத்தவங்கள விட கூடுதலா சுத்தம் தேவைப்படுது. பிரஸ் பல்லுக்கு நடுவுல போகாது, அதுக்கு சின்ன குச்சி பிரஸ் ஒண்ணு இருக்கு, எந்த அளவு வேணும்னு கிளினிக்குல காட்டித் தருவாங்க, ராவைக்கு ஒருக்கா அதையும் போடுங்க. சீனி இல்லன்னு எப்ப சோதிச்சதுன்னும் பாருங்க, முரச காட்ட வந்து சீனி இருக்கிறது தெரிய வந்தவங்க இருக்காங்க. உங்க புள்ளைங்க, கூடப் பொறந்தவங்க வாயையும் ஒருக்கா காட்டிருங்க. சொன்ன தேதிக்கு தவறாம வந்தீங்கன்னா 6ல இருந்து 4க்கு எறங்கி அப்பிடியே வருசக்கணக்கா நின்ன ஆக்களோட கார்டு எங்க அலுமாரியில இருக்கு.